வெள்ளைச் சில்லி: ஆரோக்கியம் டப்பாவில் வருமா?

அமெரிக்காவில் 'சில்லி' என்றால் மிளகாய் மட்டுமல்ல, மிளகாய் போட்டு நெடுநேரம் கொதிக்கவைத்த ஒரு கறிக்குழம்பும்தான். டெக்சாஸ் மாநிலம் 1977-ல் அதைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்தது. மாட்டிறைச்சியும் சிவப்பு மிளகாயும்தான் அதன் உயிர். அதில் பீன்ஸ் விதைகளைச் சேர்த்தாலே அங்குள்ள பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். மாட்டுக்குப் பதில் கோழி, சிவப்புக்குப் பதில் பச்சை மிளகாய், போதாததற்கு வெள்ளை பீன்ஸ் என்று வந்த 'வெள்ளைச் சில்லி' சூப்பை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்!

ஆனால் இந்த சூப்பின் பிரச்சினை அதுவல்ல. 'ஆரோக்கியமானது' என்று அதற்குக் கிடைத்துவிட்ட பெயர்தான் பிரச்சினை. கொழுப்பு குறைந்த கோழி நெஞ்சுக்கறி, 100 கிராமுக்கு 6, 7 கிராம் நார்ச்சத்து தரும் வெந்த பீன்ஸ்... பெயருக்குத் தகுதி உண்டுதான். அவசரச் சமையலில் என்ன நடக்கிறது? இரண்டு டப்பா பீன்ஸ், நான்கு கப் கடைச் சிக்கன் ஸ்டாக், மேலே கிரீம் சீஸ். சாதாரண டப்பா பீன்ஸில் அரைக் கப்புக்குச் சுமார் 400 மில்லிகிராம் சோடியம். ஸ்டாக்கில் ஒரு கப்புக்கு 800-க்கு மேல். நான்கு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஏறக்குறைய 1,500. ஒரு நாளைக்கே 2,000-க்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் செய்ததுதானே என்று ரத்த அழுத்தக்காரர் இரண்டாம் கிண்ணமும் கேட்பார்!

நேரமில்லாதவர் டப்பாவைத் திறப்பதில் குற்றமில்லை. அந்தக் கொழகொழ நீரை வடித்து பீன்ஸைக் கழுவினாலே சோடியத்தில் சுமார் 40 சதவீதம் போய்விடும். உப்பில்லாத ஸ்டாக்கும் கடையில் கிடைக்கிறது.

காய்ந்த பீன்ஸ்தான் மேல். நால்வருக்கு 200 கிராம் போதும், விலையும் குறைவு. ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. கேனலினி எனும் வெள்ளை பீன்ஸ் ராஜ்மாவின் உறவு. பச்சையாக இருக்கும்போது அதில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் உண்டு. ஊறவைத்ததை நேரே 'ஸ்லோ குக்கரில்' போட்டுவிட்டு வேலைக்குப் போனால், அந்த மிதமான சூட்டில் நச்சு அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பிறகு மெதுவாக வேகட்டும்.

மீதி எளிது. வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகத்தை வதக்கி, 400 கிராம் எலும்புள்ள கோழியைத் தண்ணீரில் வேகவைத்தால் ஸ்டாக் தானாக வந்துவிடும். கறியைப் பிய்த்துப் போட்டு, வெந்த பீன்ஸைச் சேர்க்கும்போது அதில் ஒரு கைப்பிடியை மசித்துவிட்டால் சூப் கெட்டியாகும். கிரீமுக்கு வேலையே இல்லை. எலுமிச்சையை மட்டும் கடைசியில்தான் பிழிய வேண்டும். முன்பே பிழிந்தால் புளிப்பு பீன்ஸை வேகவிடாது. அந்தப் புளிப்பு இருந்தால் உப்பு குறைந்ததும் நாக்குக்குத் தெரியாது.