இடம் கிடைத்தது, இருக்க இடம்?

கலந்தாய்வு முடிந்துவிட்டது. கையில் ஒரு காகிதம். இன்ன மருத்துவக் கல்லூரியில், இன்ன தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. பஞ்சாலையில் இரவு ஷிப்டு முடித்து வந்த தகப்பனார் அதை வாங்கி ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்கிறார். நடவு முடிந்து சேற்றுக் காலோடு வந்த தாய், கையைத் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டுப் பார்க்கிறாள். தெருவே திரண்டு வந்து வாழ்த்துகிறது. நம் தெருவிலிருந்து ஒரு டாக்டர்!

ஜனங்கள் கலைந்து போன பிறகு, அன்று இரவு, அந்த வீட்டில் யாரும் தூங்குவதில்லை. ஐந்தாறு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊர். அங்கே பிள்ளை எங்கே தங்கும்? சாப்பாட்டுக்கு என்ன வழி? ஹாஸ்டலில் இடம் உண்டா? இல்லையென்றால் அறைக்கு முன்பணம் எவ்வளவு? கூடப் போகிறவர் அன்று இரவு எங்கே படுப்பது? சேரவேண்டிய கடைசித் தேதிக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன.

நமது தொழிலாளத் தோழர்களும் விவசாயத் தொழிலாளத் தோழர்களும் ஒவ்வொரு வருஷமும் சந்திக்கும் பிரச்னை இது. இதை அந்தந்த வீட்டின் சொந்தக் கவலை என்று விட்டுவிட முடியாது. ஏன் என்று சொல்கிறோம்.

உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கல்லூரி வாசலுக்கு வந்ததே பெரும் போராட்டத்துக்குப் பிறகுதான். 2017-ல் தமிழ்நாட்டின் மீது நீட் தேர்வு சுமத்தப்பட்டது. அந்த வருஷம் அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா என்ற சுமைதூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1176 மார்க் வாங்கியும் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல், செப்டம்பர் 1-ந் தேதி உயிர் நீத்தாள். அடுத்து வந்த வருஷங்களில் சர்க்கார் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. நாடெங்கும் எழுந்த கொதிப்பின் விளைவாக நீதிபதி கலையரசன் கமிஷன் அமைந்தது. அது நூற்றுக்குப் பத்து இடம் கேட்டது. சட்டசபை 2020-ல் நூற்றுக்கு ஏழரை என்று சட்டம் செய்தது. அந்த மசோதாவும் ஒரு மாதத்துக்கு மேல் கவர்னர் மேஜையில் கிடந்தது. கலந்தாய்வு நெருங்கியும் கையெழுத்து வராததால் சர்க்கார் தனி உத்தரவு போட்டது. மறுநாள் அக்டோபர் 30-ந் தேதி கவர்னரின் சம்மதமும் வந்தது. 2022 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட்டும் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் முதல் வருஷமே ஒரு பாடம் கிடைத்தது. 2020 நவம்பரில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள், பணம் கட்ட வழியில்லாமல் இடத்தையே வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தார்கள். சட்டம் கொடுத்ததைச் சந்தை பறித்துக்கொண்டது! கண்டனக் குரல் எழுந்த பிறகுதான், இந்த மாணவர்களின் படிப்புக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. இதை உழைப்பாளி மக்கள் வரவேற்றார்கள். அதே சமயம் ஒன்றை மறக்கக் கூடாது. அறிவிப்பு வருவதற்குள் இடத்தை விட்ட அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. ஒரு வார காலத் தாமதம் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திசை மாற்றிவிடும்.

தங்குமிடப் பிரச்னை இன்று நேற்று வந்ததல்ல. 1916-ல் சென்னை திருவல்லிக்கேணியில் டாக்டர் நடேச முதலியார் திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியைத் திறந்தார். வெளியூரிலிருந்து கல்லூரிக்கு வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்கு ஜாதி காரணமாகச் சாப்பிடவும் தங்கவும் இடம் கிடைக்காமல் போனதே அதற்குக் காரணம். கல்லூரிக் கதவு திறந்திருந்தாலும், தலை சாய்க்க இடமில்லாதவன் உள்ளே போய் நிலைக்க முடியாது என்பதை, தாமே டாக்டரான அவர் அன்றே கண்டார். அப்பொழுது ஜாதி அடைத்த கதவை இப்பொழுது பணமும் சேர்ந்து அடைக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லூரி ஹாஸ்டலில் இடம் இல்லை, வெளியே ஒரு அறை எடுக்க வேண்டும், மாத வாடகை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத வாடகை முன்பணம் 15,000. முதல் மாத வாடகை 5,000. ஆக 20,000 ரூபாயை ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அறைக் கதவைத் திறக்க மட்டும் ஏறக்குறைய 60 நாள் கூலி! பாயும் வாளியும், வெள்ளைக் கோட்டும், ஸ்டெதாஸ்கோப்பும், தடித்தடிப் புத்தகங்களும், பஸ் செலவும் இதற்கு மேல். இது ஒரு மாதத்தோடு முடிவதுமில்லை. எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை வருஷம்; அதன் பிறகு ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. ஆக ஐந்தரை வருஷம் பிள்ளை வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும்.

இங்கேதான் கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கிறான். "டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை, எப்படியும் அடைத்துவிடலாம்" என்று இனிக்கப் பேசுகிறான். தோழர்களே, ஏமாற வேண்டாம்! அநியாய வட்டியைத் தடுக்க 2003-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பாங்குகளில் கல்விக் கடன் உண்டு. 4 லட்ச ரூபாய் வரை கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது விதி. ஹாஸ்டல் செலவும் அந்தக் கடனில் அடங்கும். பாங்கு அதிகாரி அலைக்கழித்தால் தனியாகப் போய் நிற்காதீர்கள், சங்கத்தோடு போங்கள்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, சேரும் தேதி. அது தவறினால் இடம் போய்விடும். மார்க் பட்டியல், நீட் மதிப்பெண் அட்டை, மாற்றுச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகிய எல்லாவற்றுக்கும் புறப்படுவதற்கு முன்பே பல நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசல்களைக் கல்லூரியில் கொடுத்துவிட்டால், பிறகு உதவித் தொகைக்கும் பாங்குக் கடனுக்கும் நகல்தான் கை கொடுக்கும்.

இரண்டாவது, தங்குமிடம். சேரும் நாளிலேயே கல்லூரி ஹாஸ்டலுக்கு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். இடமில்லை என்றால் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகள் நடத்தும் கல்லூரி மாணவர் விடுதிகளை விசாரியுங்கள். தரகர் பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். 2019 முதல் அமலில் இருக்கும் வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். 2014-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்கள் தங்கும் தனியார் விடுதி ஒவ்வொன்றும் மாவட்டக் கலெக்டரிடம் பதிவு செய்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். காட்ட மறுத்தால் அந்த விடுதி வேண்டாம்.

நான்காவது, ஜி.எஸ்.டி. வரி. வெளி விடுதியில் வரி என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஆள் ஒன்றுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு உட்பட்ட கட்டணத்தில், தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறவர்களுக்கு இந்த வரி கிடையாது என்று 2024-ல் முடிவாகியிருக்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஐந்தாவது, மில் தொழிலாளர்களுக்கு. ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் நடத்தும் மருத்துவக் கல்லூரிகளில், சந்தா கட்டும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று தனியாக இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இது பலருக்குத் தெரியாது. அதற்கு ஈ.எஸ்.ஐ. ஆபீசில் சான்றிதழ் வாங்க வேண்டும். மாதாமாதம் நம் கூலியில் பிடித்த காசு. அதில் நமக்கு வரவேண்டிய பங்கை நாமே கோட்டை விடலாமா?

ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. 1996 நவம்பரில், சிதம்பரத்தில் முதல் வருஷ மருத்துவ மாணவன் நாவரசு, மூத்த மாணவன் ஒருவனால் கொலை செய்யப்பட்ட கொடுமையை நாடு மறக்கவில்லை. இத்தனைக்கும் அவன் ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரின் மகன்! அதன் பிறகு ராகிங்கைத் தடுக்க 1997-ல் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை ஜெயில் உண்டு. துணைவேந்தர் மகனுக்கே பாதுகாப்பில்லாமல் போன இடத்தில், கூலிக்காரர் மகளுக்கு யார் துணை? தமிழில் படித்துவிட்டு வந்து, இங்கிலீஷ் பாடத்தின் முன் திணறும் பிள்ளையைக் கேலி செய்வதும், ஜாதியைக் கேட்பதும், எந்தக் கோட்டாவில் வந்தாய் என்று குத்துவதும் ராகிங்தான். புகார் சொல்ல 1800-180-5522 என்ற இலவச டெலிபோன் நம்பர் இருக்கிறது. அதைப் பிள்ளையின் பெட்டி மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை என்று சொல்வார்கள். உண்மைதான். 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், திருப்பூர், நாகப்பட்டினம், அரியலூர் முதலிய 11 ஊர்களில் 1,450 இடங்களோடு புதிய மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அனிதாவின் சொந்த மாவட்டத்திலேயே இன்று ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டங்கள் வந்திருக்கின்றன. இவை நல்லவை. ஆனால் ஆயிரம் ரூபாயில் அறை கிடைக்காது. ஏழரை சதவிகிதத்தில் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் சேரவில்லை. அங்கே படித்த கூலித் தொழிலாளியின் மகனுக்கு அந்தக் கட்டணச் சலுகையும் இல்லை. உதவித் தொகையோ படிப்புத் தொடங்கிப் பல மாதம் கழித்து வருகிறது. பசியும் வாடகையும் அதுவரை காத்திருக்குமா?

ஆகவே நாம் கேட்கிறோம்:

1. ஒவ்வொரு சர்க்கார் மருத்துவக் கல்லூரியிலும், வெளியூர் மாணவர்களில் கேட்கிற எல்லோருக்கும் சேரும் நாளிலிருந்தே ஹாஸ்டல் இடம் வேண்டும். கல்லூரியில் இடம் ஒதுக்கும் உத்தரவோடு, ஹாஸ்டல் இடம் ஒதுக்கும் உத்தரவும் கையில் வர வேண்டும்.

2. உதவித் தொகையின் முதல் தவணை, சேர்ந்த ஒரு வாரத்துக்குள் மாணவர் கையில் சேர வேண்டும்.

3. உதவி பெறும் பள்ளியில் படித்த உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஹாஸ்டல், சாப்பாட்டுச் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும்.

4. தனியார் விடுதிகளை அதிகாரிகள் நேரில் போய்ச் சோதித்து, உரிமம் பெற்றவற்றின் பட்டியலை ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் ஒட்ட வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பது தொழிலாளி வர்க்கத்தின் வழக்கம் அல்ல. இன்றே செய்யக்கூடியவை நம் கையில் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி உள்ள ஒவ்வொரு ஊரிலும் நமது சங்கக் கட்டிடம் ஏதாவது ஒன்று இருக்கும். சேர்க்கை நடக்கும் நாட்களில் அதன் கதவு இரவிலும் திறந்திருக்கட்டும். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய் தகப்பன், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் விடிய விடிய உட்கார வேண்டாம்; சங்கத்தில் பாய் விரித்துப் படுக்கட்டும். உள்ளூர்த் தோழர் ஒருவர் காலையில் கூடவே கல்லூரிக்கும் ஹாஸ்டலுக்கும் போய் வரட்டும். முன்பே சேர்ந்து படிக்கும் நம் பிள்ளைகள், புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய புத்தகத்தைக் கொடுத்து, இங்கிலீஷ் பாடத்தையும் சொல்லிக் கொடுக்கட்டும்.

இந்தப் பிள்ளைகள் நாளைக்கு எங்கே நிற்பார்கள்? பஞ்சு தூசு நுரையீரலில் படிந்து இருமும் தொழிலாளியும், வயலில் பாம்பு கடித்துத் தூக்கி வரப்படும் கூலிப் பெண்ணும் போய்ச் சேரும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நிற்பார்கள். நம் பேச்சும் நம் வலியும் தெரிந்த டாக்டர் அங்கே இருக்க வேண்டுமானால், அந்த டாக்டர் முதல் வருஷம் முதல் மாதத்தில், ஒரு அறை வாடகைக்கு வழியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடக் கூடாது.

தோழர்களே! உங்கள் ஊரில், உங்கள் மில் லைனில், உங்கள் சேரியில் இந்த வருஷம் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை யார்? இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். தங்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் கவலையைச் சங்கத்தின் கவலையாக்குங்கள்!