பூட்டிய கூடம் வேண்டாம், ஒரு பயிற்றுநர் போதும்



கொல்லிமலைக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள் பலர் செம்மேட்டில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்குகிறோம். ‘இங்கே ஜிம் எங்கே, யோகா வகுப்பு எங்கே?’ என்று கேட்டால், ராசிபுரத்தையும் நாமக்கல்லையும் கை காட்டுகிறார்கள். காரவள்ளி வழியாக இறங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வேலை முடித்துப் போய்த் திரும்புகிற காரியமா அது?

‘மலையில் நடப்பதே பயிற்சிதானே’ என்பார்கள். மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறுபவருக்குச் சரி. நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவருக்கு? வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாலை மங்கி, பனி இறங்கிய பிறகு நடைபாதையில்லாத சாலையில் பெண்கள் தனியே நடப்பது எளிதல்ல.

ஊராட்சிகளில் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் அமைக்கும் திட்டம் 2016-இல் அறிவிக்கப்பட்டது. கட்டிய கூடங்கள் சில ஊர்களில் பூட்டிக் கிடப்பதாகப் படித்திருக்கிறோம். ஆகவே புதுக் கட்டடம் கேட்கவில்லை. ஜூன் 21 வந்தால் யோகா தினத்துக்குப் பள்ளி மைதானங்களில் பாய் விரிக்கிறோமே, அதே இடத்தை வாரம் மூன்று மாலை திறந்துவிடட்டும். யோகா கற்றுத் தேர்ந்த ஒருவருக்கு மாவட்ட நிர்வாகம் மதிப்பூதியம் தரட்டும். நாங்களும் கட்டணம் செலுத்தத் தயார். சித்தர்கள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மலையில் ஆசனம் கற்க ஆளில்லை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்! உள்ளூர் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டால், மாற்றலில் நாங்கள் போன பிறகும் வகுப்பு நடக்கும்.

– அரசு ஊழியை ஒருவர், செம்மேடு, கொல்லிமலை