மரை போனா முழு நக்கிளையும் மாத்தணுமா?

"அவனுக்கு மரை கழண்டுடுச்சு"ன்னு ஆளுங்களைக் கிண்டல் பண்ணுவோம் இல்லையா? போன மாசம் என் காருக்கு நிஜமாவே கழண்டுடுச்சு.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கின சின்ன கார். முன் பக்க பிரேக் டிஸ்க் மாத்த விட்டிருந்தேன். சாயங்காலம் போன் வந்துச்சு. "சார், பிரேக் காலிப்பரைப் பிடிக்கிற போல்ட் இறுகவே மாட்டேங்குது, சும்மா சுத்துது. நக்கிள்ல த்ரெட் போயிடுச்சு. புது நக்கிள், பேரிங், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 16,000 ஆகும்." அன்னைக்குத் தேதி 26. அக்கவுண்ட்ல இருந்தது பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும்தான். கை தானா கிரெடிட் கார்டு பக்கம் போச்சு.

நக்கிள்னா சக்கரத்தை சஸ்பென்ஷனோட சேர்க்கிற வார்ப்புப் பாகம். லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், ஸ்டீரிங் ராடு மூணும் வந்து சேர்ற இடம். காலிப்பர் போல்ட்டுக்குத் தனியா நட்டு கிடையாது, நக்கிள் உடம்புலயே மரை வெட்டியிருப்பாங்க. அதனால மரை போனா பாகமே போன மாதிரித் தெரியும்.

ஆனா போனது துளைக்குள்ள இருக்கிற கொஞ்சூண்டு உலோகம்தான். அதுக்கு த்ரெட் இன்சர்ட்னு ஒரு வழி இருக்கு. பல பட்டறைகள்ல ஹெலிகாயில்னு சொல்வாங்க. துளையைக் கொஞ்சம் பெருசாக்கி, அதுக்குன்னே உள்ள டேப்பால புது மரை வெட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச் சுருளை உள்ளே முறுக்கி ஏத்துவாங்க. பழைய அளவு போல்ட்டே திரும்ப ஏறும். சுருள் வெளிப்பக்கம் பெரிய விட்டத்துல பிடிக்கறதால, ஒழுங்கா செஞ்சா பழைய மரை அளவுக்குத் தாங்கும். இது ஒட்டுவேலை இல்லீங்க. விமான இன்ஜின்கள்ல புதுசா தயாரிக்கும்போதே இந்தச் சுருளை வைக்கிறாங்க.

நான் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, இதுக்கு இன்சர்ட் போட முடியுமா?" அவர் கொஞ்சம் யோசிச்சிட்டு, "போடலாம் சார், ஆனா லேத்துக்கு எடுத்துட்டுப் போகணும்"னார். கழட்டி மாட்ட 2,000, லேத்துக்கு 1,200, புது போல்ட் ரெண்டு 300, அலைன்மென்ட் 600. மொத்தம் 4,100. ஒரு நாள் லேட், பஸ்ல ஆபீஸ் போனேன். மிச்சம் 11,900.

அவர் என்னை ஏமாத்தப் பார்த்தார்னு சொல்ல மாட்டேன். பாகத்தை மாத்தினா அவருக்குப் பொறுப்பு கம்மி, வேலையும் சீக்கிரம் முடியும். ரிப்பேர் பத்திக் கேட்க வேண்டியது நாமதான், ஏன்னா பணம் நம்மளுது.

இதைப் படிச்சிட்டு "எல்லாத்துக்கும் ரிப்பேர்தான்"னு கிளம்பிடாதீங்க. இது பிரேக்கைப் பிடிக்கிற போல்ட். சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவுல இருக்கிற கோடு இங்கே உங்க உயிர். என்னோட கணக்கு இது:

1. நக்கிள்ல விரிசல் இருந்தா, துளையைச் சுத்தி உலோகம் மெலிசா இருந்தா, கம்பெனி மேனுவல் ரிப்பேர் கூடாதுன்னா, மறு பேச்சே இல்லை, மாத்திடுங்க.

2. பால் ஜாயின்ட் மரை போனா பால் ஜாயின்ட்டையே மாத்துங்க. போல்ட்டும் நட்டுமா இருக்கிற இடம்னா ரெண்டையும் மாத்தினா முடிஞ்சுது.

3. டெஃப்லான் டேப் சுத்தறது, பசை வச்சு ஒட்டறது, வெல்டு வைக்கிறது, பெரிய போல்ட்டை அடிச்சு ஏத்தறது: இதுல எதைச் சொன்னாலும் வண்டியை எடுத்துட்டு வேற பட்டறைக்குப் போங்க.

4. போல்ட் தலையில உள்ள நம்பரைப் பாருங்க. 10.9 இருந்த இடத்துல 8.8 போடக் கூடாது, அதோட பலம் கம்மி. இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடமா இது?

சரி, மரை ஏன் போகுது? பெரும்பாலும் அவசரம்தான். முதல் சில சுற்றைக் கையால ஏத்தாம, நேரா இம்பாக்ட் கன் வச்சு அடிச்சா போல்ட் கோணலா ஏறி மரையைக் கிழிச்சிடும். அளவுக்கு மேல இறுக்கினாலும் இதே கதைதான். அடுத்த சர்வீஸ்ல "டார்க் ரென்ச் வச்சு இறுக்குங்க"ன்னு சொல்லிப் பாருங்க. சொல்றதுக்குக் காசு கிடையாது.

இன்னொரு விஷயம். சாதாரண கார் இன்ஷூரன்ஸ் தேய்மானத்தையோ மெக்கானிக்கல் கோளாறையோ கவர் பண்ணாது. இது முழுக்க நம்ம பாக்கெட். அந்த 16,000-ஐ கார்டுல தேச்சு மாசம் 3.5 சதவீத வட்டியில இழுத்திருந்தா, முதல் மாசமே 560 ரூபாய் போயிருக்கும், ஜிஎஸ்டி தனி. அதனால கார் இஎம்ஐ கட்டறவங்க, கூடவே மாசம் 1,500 ரூபாயைத் தனி ஆர்.டி.யில போடுங்க. அந்தப் பணத்துக்கு "கார் ரிப்பேர்"னு பேர் வைங்க, வேற எதுக்கும் தொடாதீங்க.

கையில அந்தப் பணம் இருந்தா பதற்றம் இருக்காது. பதற்றம் இல்லைன்னா சரியான கேள்வி வரும். எனக்கு 11,900 ரூபாயை மிச்சம் பண்ணினது அந்த ஒரு கேள்விதான்!