ஸ்னூக்கர் தரவரிசைப் போட்டி: கிண்ணத்தைவிட 64ஆம் இடம் ஏன் பெரிது?

ஸ்னூக்கர் பற்றிய செய்தி வரும்போது எதைப் பார்ப்போம்? யார் வென்றார், யாரை வென்றார், எத்தனை முறை ஒரே மூச்சில் 100 புள்ளிகளைத் தாண்டினார். அவ்வளவுதான். கூடவே "தரவரிசைப் போட்டி" என்று ஒரு சொல்லும் வரும். அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவோம்.

ஆட்டக்காரர்களுக்கு அந்தச் சொல்தான் சோறு. ஒரு போட்டி தரவரிசையில் சேருமா, சேராதா என்பதைப் பொறுத்தே அவர்களின் அடுத்த 2 ஆண்டுகள் அமையும். முன்னணியில் இருப்பவர்களுக்கு அது மரியாதைப் பிரச்சினை. பின்வரிசையில் இருப்பவர்களுக்கு வேலை இருக்குமா, போகுமா என்ற பிரச்சினை.

எப்படி என்று பார்ப்போம்.

ஒரு பவுண்டு, ஒரு புள்ளி

டென்னிஸில் சுற்றுக்குச் சுற்று புள்ளி கொடுப்பார்கள். ஸ்னூக்கரிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. 2014/15 பருவத்திலிருந்து அது மாறியது. இப்போது தரவரிசைப் போட்டியில் வெல்லும் பரிசுத்தொகைதான் புள்ளி. ஒரு பவுண்டு வென்றால் ஒரு புள்ளி. கடந்த 2 ஆண்டுகளில் சேர்த்த தொகையைக் கூட்டி, அதிகம் வைத்திருப்பவரை முதலிடத்தில் போடுகிறார்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் பட்டியல் புதுப்பிக்கப்படும். புதுப்பணம் சேரும், 2 ஆண்டுக்கு முந்திய பணம் கழியும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. பரிசு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அது அழைப்புப் போட்டியாக இருந்தால் கணக்கில் வராது. லண்டனில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் முதல் 16 பேர் மட்டும் ஆடுவது. 2025 ஜனவரியில் ஷான் மர்ஃபி இறுதியாட்டத்தில் கைரன் வில்சனை 10-7 என்ற கணக்கில் வீழ்த்தி 350,000 பவுண்டு பெற்றார். தரவரிசையில் அதற்குக் கிடைத்த புள்ளி? பூஜ்யம்.

அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. 16 பேருக்கு மட்டும் கதவு திறந்திருக்கும் போட்டியில் கிடைக்கும் பணத்தைத் தரவரிசையில் சேர்த்தால், மேலே இருப்பவர்கள் மேலேயே இருப்பார்கள். 17ஆம் இடத்தில் இருப்பவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் எட்டிப் பிடிக்க முடியாது. பெரும்பாலான தரவரிசைப் போட்டிகளில் சுற்றில் இருக்கும் அனைவருக்கும் கதவு திறந்திருக்கும்.

ஒரே ஒரு வெற்றி, 2 ஆண்டு வாழ்வு

இந்தக் கணக்கு ஒருவரை எப்படித் தூக்கிவிடும், எப்படி இறக்கிவிடும் என்பதற்கு பெல்ஜியத்தின் லூக்கா பிரெசெலைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2023ஆம் ஆண்டுக்கு முன் ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் அவர் ஓர் ஆட்டத்தில்கூட வென்றதில்லை. அந்த ஆண்டு உலக வெற்றியாளர் பட்டத்தையே தட்டிச் சென்றார். அரையிறுதியில் 5-14 எனப் பின்தங்கியிருந்து 17-15 என வென்றார். இறுதியாட்டத்தில் மார்க் செல்பியை 18-15 எனச் சாய்த்தார். பரிசு 500,000 பவுண்டு, அதாவது சுமார் 850,000 வெள்ளி. ஒரே பாய்ச்சலில் உலகின் 2ஆம் இடம்.

அதற்குப் பிறகு என்ன ஆனது? அடுத்த 2 ஆண்டில் அவர் வேறு தரவரிசைப் பட்டம் எதையும் வெல்லவில்லை. ஆனாலும் அந்த 500,000 அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. 2025 மே மாதம் அந்தத் தொகை கழிந்தது. முதல் 16 இடங்களிலிருந்து அவரும் வெளியே வந்தார். அந்த ஆண்டு குரூசிபிளில் காலிறுதி வரை போயும் போதவில்லை.

பிரெசெல் ஏதோ திடீரென்று மோசமாக ஆடினார் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டியல் அவரது பழைய வெற்றியை மறந்துவிட்டது, அவ்வளவே. இதனால்தான் ஆட்டக்காரர்கள் "பணத்தைக் காப்பாற்றவேண்டும்" என்று அடிக்கடி பேசுகிறார்கள். 2 ஆண்டுக்கு முன் எந்தப் போட்டியில் நிறைய வென்றார்களோ, அதே போட்டியில் மறுபடி நன்றாக ஆடாவிட்டால் சரிவுதான்.

இன்னொரு கோணமும் உண்டு. 2024 உலகப் போட்டியில் 44ஆம் இடத்தில் இருந்த வேல்ஸின் ஜாக் ஜோன்ஸ் தகுதிச் சுற்றிலிருந்து இறுதியாட்டம் வரை வந்தார். கைரன் வில்சனிடம் 14-18 எனத் தோற்றார். தோற்றவருக்கு 200,000 பவுண்டு. அந்தத் தோல்வியே அவரை முதல் 16 பேருக்குள் கொண்டுபோய்விட்டது.

சரி, 64ஆம் இடத்தில் என்ன இருக்கிறது?

உலக ஸ்னூக்கர் சுற்றில் ஏறக்குறைய 130 தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு 2 ஆண்டுக்கு ஆட அனுமதி அட்டை கொடுப்பார்கள். தொடக்கத்தில் அவரது கணக்கில் பூஜ்யம். 2 ஆண்டு முடிவில், உலக வெற்றியாளர் போட்டி முடிந்த அன்று, முதல் 64 இடங்களுக்குள் இருந்தால் தொடரலாம். இல்லாவிட்டால் அட்டை போய்விடும். ஒரே பருவத்தில் சேர்த்த பணத்தை வைத்துச் சிலருக்கு மட்டும் மறுவாய்ப்பு உண்டு. மற்றவர்கள் "கியூ ஸ்கூல்" எனப்படும் தேர்வுப் போட்டிக்குப் போய் அடியிலிருந்து தொடங்கவேண்டும்.

முன்னாள் உலக வெற்றியாளர்களுக்கும் இதே விதிதான். 1997இல் உலகப் பட்டம் வென்ற கென் டோஹர்ட்டி முதல் 64க்குள் இருக்க முடியாமல் போனது. பின்னர் சிறப்பு அழைப்பு அட்டையில்தான் சுற்றில் நீடித்தார். ஆறு முறை உலக இறுதியாட்டம் வரை சென்ற ஜிம்மி ஒயிட்டும் அப்படித்தான்.

ஆகவே ஏப்ரல் மாதம் ஷெஃபீல்டில் 2 வேறு போட்டிகள் நடப்பதாகவே சொல்லலாம். ஒன்று, குரூசிபிளில். 1977 முதல் அங்கேதான் நடக்கிறது. 980 பேர் உட்காரும் அரங்கம், 17 நாள், தொலைக்காட்சி, விளக்கொளி. இன்னொன்று, அதற்கு முன்பாக அதே நகரின் விளையாட்டு வளாகம் ஒன்றில் நடக்கும் தகுதிச் சுற்று. வரிசையாக மேசைகள். நடுவில் தடுப்புகள். பெரிய கூட்டம் இல்லை. கடைசி நாட்களுக்கு "தீர்ப்பு நாள்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மிகையான பெயர் என்று சொல்லமாட்டேன்.

ஏனென்றால் கணக்கைப் பாருங்கள். 2025இல் முதல் தகுதிச் சுற்றில் தோற்றால் ஒன்றும் இல்லை. ஓர் ஆட்டம் வென்றுவிட்டுத் தோற்றால் 5,000 பவுண்டு. இரண்டு வென்றால் 10,000. மூன்று வென்றால் 15,000. நான்கையும் வென்று குரூசிபிளுக்குள் நுழைந்துவிட்டால் குறைந்தது 20,000. 62ஆம் இடத்துக்கும் 67ஆம் இடத்துக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் சில ஆயிரம் பவுண்டாக இருக்கலாம். அப்படியானால் கடைசி ஃபிரேமில் ஒரு கறுப்புப் பந்து குழிக்குள் விழுகிறதா இல்லையா என்பது ஒருவர் அடுத்த ஆண்டு என்ன வேலை பார்ப்பார் என்பதையே முடிவு செய்துவிடும்.

செலவு யாருடையது?

பரிசுத்தொகையைப் பார்த்து மலைத்துப் போகிறோம். ஆனால் ஸ்னூக்கர் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பயணம், தங்குமிடம், பயிற்சி மேசைக்கான கட்டணம் எல்லாம் அவர் கையிலிருந்துதான். சீனாவில் ஒரு போட்டி என்றால் விமானச் சீட்டே கையைக் கடிக்கும். 2013 வாக்கில் பெரும்பாலான போட்டிகளில் 128 பேரும் முதல் சுற்றிலிருந்தே ஆடும் முறை வந்தபோது, முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு ஒரு காசும் இல்லை. செலவு செய்து போய், தோற்று, கடனோடு திரும்பவேண்டியதுதான்.

2022/23 பருவத்தில் ஒரு மாற்றம் வந்தது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஆண்டுக்குக் குறைந்தது 20,000 பவுண்டு பெறுவதை ஏற்பாட்டாளர்கள் உறுதிசெய்தனர். நல்ல விஷயம்தான். ஆனால் அது சம்பளம் இல்லை. வெல்லப்போகும் பரிசிலிருந்து முன்பணம் மாதிரி. அதைவிட அதிகம் வென்றால் கூடுதலாக எதுவும் வராது. சுமார் 34,000 வெள்ளியில் பிரிட்டனில் வாழ்ந்துகொண்டு, உலகம் முழுக்கப் பறந்து ஆடுவது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆசிய ஆட்டக்காரர்களுக்கு இது இரட்டைச் சுமை. சுற்றின் அடிவாரம் இன்னும் பிரிட்டன்தான். சீன இளையர்கள் பலர் பதின்ம வயதிலேயே ஷெஃபீல்டில் குடியேறிவிடுகிறார்கள். இந்தியாவின் பங்கஜ் அத்வானி 2012இல் தொழில்முறைச் சுற்றுக்குப் போய், 2 பருவத்துக்குப் பின் 2014இல் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாடு திரும்பினார். உலகப் பட்டங்களை அடுக்கி வைத்திருக்கும் ஒருவரே அப்படி முடிவெடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். (இத்தனைக்கும் ஸ்னூக்கர் பிறந்தது இந்தியாவில். அதன் விதிகள் 1880களில் நம் உதகமண்டலத்துக் கிளப்பில் எழுதி மாட்டப்பட்டவை.)

நம் வட்டாரத்திலிருந்து தாய்லந்தின் ஜேம்ஸ் வத்தானா 1990களில் உலகின் 3ஆம் இடம் வரை போனார். மலேசியாவின் தோர் சுவான் லியோங்கும் சுற்றில் ஆடியிருக்கிறார். 2022இல் ஆசியா, ஓசியானியாவுக்கான கியூ ஸ்கூல் பேங்காக்கில் தொடங்கியது. பிரிட்டனுக்குப் பறக்காமலேயே அட்டைக்கு முயலலாம் என்பதே பெரிய ஆறுதல். ஆனால் அட்டை கிடைத்த மறுநாளே மேலே சொன்ன கணக்கு தொடங்கிவிடும்.

ஜெட்டாவிலிருந்து வந்த பணம்

2024இல் சவூதி அரேபியா மாஸ்டர்ஸ் ஜெட்டாவில் தொடங்கியது. பெயரில் மாஸ்டர்ஸ் இருந்தாலும் இது தரவரிசைப் போட்டி. வெற்றியாளருக்கு 500,000 பவுண்டு, அதாவது உலக வெற்றியாளருக்குச் சமம். முதல் ஆண்டு ஜட் டிரம்ப் மார்க் வில்லியம்ஸை 10-9 என வென்றார். 2025இல் நீல் ராபர்ட்சன் ரோனி ஓ'சலிவனை அதே 10-9 கணக்கில் வென்றார். அந்தப் போட்டியின் அரையிறுதியில் ஓ'சலிவன் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை 147 புள்ளி எடுத்ததுதான் எல்லாரும் பேசியது. பேசவேண்டியதுதான், அதற்கு முன் ஒருவர் மட்டுமே அப்படிச் செய்திருந்தார்.

தரவரிசைக் கண்ணோடு பார்த்தால் கதை ராபர்ட்சனுடையது. 2024 உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் தோற்று, குரூசிபிளுக்கே போகமுடியாமல், முதல் 16 இடங்களை விட்டும் விழுந்தவர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் ஜெட்டாவின் ஓர் இரவு அவரை உச்சிக்கு அருகே கொண்டுபோய்விட்டது.

ஆனால் இதில்தான் எனக்கு ஒரு நெருடல். பிரிட்டனில் நடக்கும் வழக்கமான தொடர் ஒன்றில் வெற்றியாளருக்குச் சுமார் 100,000 பவுண்டு. அப்படி ஐந்து கிண்ணங்கள் ஒரு ஜெட்டாவுக்குச் சமம். ஐந்து வெவ்வேறு ஊர்களில் ஐந்து முறை வெல்பவரும், ஒரு வாரம் மட்டும் அபாரமாக ஆடியவரும் பட்டியலில் ஒன்று. போட்டியின் தரத்தைப் பரிசு முடிவு செய்கிறது, பரிசை விளம்பரதாரர் முடிவு செய்கிறார். அப்படியானால் தரவரிசையை முடிவு செய்வது யார்?

மறுபக்கமும் இருக்கிறது. இதைவிட ஒளிவுமறைவில்லாத முறை வேறில்லை. யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம், யாரும் மறுத்துப் பேச முடியாது.

ஜாவ் சின்டோங் எங்கே நிற்கிறார்?

2025 மே 5ஆம் தேதி குரூசிபிளில் சீனாவின் ஜாவ் சின்டோங் மார்க் வில்லியம்ஸை 18-12 என வென்றார். உலகப் பட்டம் வென்ற முதல் சீனர். அப்போது அவர் கையில் தொழில்முறை அட்டைகூட இல்லை. அமெச்சூராக முதல் தகுதிச் சுற்றிலிருந்து ஆடி, ஒன்பது ஆட்டங்களை வென்று வந்தார்.

அட்டை ஏன் இல்லை? 2023இல் ஆட்ட முடிவுகளை முன்கூட்டியே நிர்ணயித்த விவகாரத்தில் பத்து சீன ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டனர். இருவருக்கு ஆயுள் தடை. ஜாவ் தம் ஆட்டம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வேறொருவரின் செயலுக்கு உடந்தையாக இருந்தார், பந்தயமும் கட்டினார். அவருக்கு 20 மாதத் தடை. பணமுடைதான் அவர்களை அங்கே தள்ளியது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. தண்டிக்கப்பட்டவர்களில் முதல் 16 இடங்களில் இருந்தவர்களும் உண்டு. அதே நேரம், தோற்றால் ஒன்றும் இல்லை என்ற நிலையில் பின்வரிசையில் இருப்பவரை அணுகுவது சூதாடிகளுக்குச் சுலபம் என்பதையும் மறுக்க முடியாது.

தண்டனை முடிந்து வந்த ஜாவ் அந்த ஒரே வெற்றியில் உலகின் 11ஆம் இடத்தில் போய் உட்கார்ந்தார். 500,000 பவுண்டு செய்த வேலை. அந்தத் தொகை 2027 உலகப் போட்டி முடியும்போது அவர் கணக்கிலிருந்து கழியும். அந்த இறுதி நாளில், சிங்கப்பூர் நேரப்படி நள்ளிரவு தாண்டி 2 மணிக்குக் கடைசிப் பகுதி தொடங்கும்போது விழித்திருந்தால், மேசையில் இருக்கும் இருவரை மட்டும் பார்க்காதீர்கள். தரவரிசைப் பட்டியலைத் திறந்து, 60லிருந்து 70 வரை இருக்கும் பெயர்களையும் ஒரு முறை பாருங்கள்.