இ-பாஸ் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறதா?

பள்ளித் தேர்வுகள் முடியும் தறுவாயில் வீடுதோறும் ஊட்டியா, கொடைக்கானலா என்ற பேச்சு எழும். அதே நாட்களில் அந்த மலைகளில் குடியிருப்பவர்கள் வேறு கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். குடத்துக்குத் தண்ணீர் வருமா, கோவை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த நோயாளியை எந்த நேரத்தில் கிளப்பினால் நெரிசலில் சிக்காமல் கீழே கொண்டுபோகலாம் என்பதெல்லாம் சீசன் மாதங்களில் அவர்களுக்கு அன்றாடக் கவலை. ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று காவல்துறை போக்குவரத்தைப் பிரித்துவிட்டும் நெரிசல் தீரவில்லை.

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு நீதிபதிகளையே திகைக்க வைத்தது. சீசனில் நீலகிரிக்குள் ஒரு நாளைக்கு நுழையும் வண்டிகள் சுமார் 20,000. உடனே அந்த மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாயிற்று. பாஸ் எண்ணிக்கைக்கு வரம்பு எதுவும் இல்லாததால் கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தது. கூட்டம் குறையவில்லை, கூட்டத்தின் கணக்கு மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. 2025 மார்ச்சில் நீதிமன்றமே வரம்பையும் வைத்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் தடையில்லை.

இந்த உத்தரவை வரவேற்கிறோம். ஆனால் ஒரு மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று நீதிபதிகள் சொல்லித்தான் ஓர் அரசுக்குத் தெரிய வேண்டுமா? சுற்றுலாத் துறை, வனத் துறை, நகராட்சி, மாவட்ட நிர்வாகம் என அத்தனையும் இருந்தும் ஆண்டுதோறும் பயணிகள் எண்ணிக்கை உயர்ந்ததைச் சாதனையாக அறிவித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பழக்கத்துக்கு முடிவு கட்டாமல் சோதனைச்சாவடியில் வண்டியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஆபத்து விலகாது. ஆபத்து சாவடியைத் தாண்டி உள்ளே இருக்கிறது.

ஊட்டி ஏரியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் காலத்தில், 1820-களில் வெட்டப்பட்ட ஏரி. இன்று ஊட்டிக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை அங்கே படகு ஏறாமல் ஊர் திரும்புவதில்லை. நகரத்தின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு கோடப்பமந்து கால்வாய் வந்து சேரும் இடமும் அதே ஏரிதான். தங்கும் விடுதிகள் பெருகப் பெருகக் கால்வாயில் என்ன கூடும் என்பதை விளக்கத் தேவையில்லை. தண்ணீர் ஏரியோடு நின்றுவிடுவதும் இல்லை. மலைச்சரிவில் கல்லட்டி வழியாகச் சீகூர் பீடபூமிக்கு இறங்கி, மோயாற்றில் கலந்து, பவானிசாகரை நோக்கிப் போகிறது. நாம் விடுதியில் குளித்த தண்ணீர் யானைகள் குடிக்கும் ஆற்றிலும், பிறகு சமவெளி விவசாயியின் வாய்க்காலிலும் சேர்கிறது. இரண்டு நாள் தங்கிவிட்டு வருபவர் கண்ணில் படுவது படகு ஒன்றுதான்.

அந்தச் சீகூரில் நடந்ததையும் மறந்துவிடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழி அது. அதை யானை வழித்தடமாக அரசு 2010-இல் அறிவித்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனாலும் ரிசார்ட்டுகள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே சீல் வைக்கப்பட்டன. இறுதித் தீர்ப்பு வர 2020 அக்டோபர் ஆனது. மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் குடியிருப்புப் பக்கம் வந்த ஓர் ஆண் யானை மீது எரியும் டயரை வீசினார்கள். காதில் தீயோடு அது ஓடும் காட்சியை நாடே பார்த்தது. சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே யானை இறந்தது. தங்கும் விடுதி தொடர்புடையவர்கள்தான் அந்த வழக்கில் சிக்கினார்கள். காட்டைக் காட்டிச் சம்பாதிக்கும் இடத்துக்குக் காட்டின் சொந்தக்காரன் வந்துவிட்டால் அவனுக்குக் கிடைக்கும் வரவேற்பு இது.

சோலையும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் ஓடைகளில் விடுவதால்தான் நீலகிரிக்கு நீர்வளம். சரிவைப் பொக்லைன் வைத்து வெட்டித் தடுப்புச்சுவர் எழுப்பிக் காட்டேஜ் கட்டும்போது நீர் நிற்கும் இடம் போகிறது. மண்ணின் பிடிமானமும் போகிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று பக்கத்து வயநாட்டில், முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் என்ன நடந்தது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. எல்லாச் சரிவுக்கும் சுற்றுலாவே காரணம் என்று சொன்னால் அது பொய்; பெருமழையும், முன்னரே காட்டை அழித்து வளர்ந்த தோட்டங்களும் காரணங்களில் உண்டு. ஆனால் ஏற்கெனவே ஆட்டம் கண்ட மண்ணின் மேல் மாடிக்கு மேல் மாடி ஏற்றுவதற்கு அது நியாயம் ஆகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. மலைப்பகுதியில் கட்டுவதற்கு உயரக் கட்டுப்பாடு உண்டு, தனிக் குழுமத்தின் அனுமதி உண்டு. 1990-களில் கொடைக்கானலில் ஒரு விடுதி விதியை மீறி மாடிகளை எழுப்பியபோது அரசே அதற்கு விலக்கு அளித்ததையும், நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்ததையும் அந்தத் தலைமுறை அறியும். இப்போது யாரும் அவ்வளவு பகிரங்கமாக விலக்குக் கேட்பதில்லை. வீடு என்று அனுமதி வாங்கிக் கட்டி, இணையத்தில் அறை என்று வாடகைக்கு விட்டால் போதும். உள்ளூர் ஆசிரியருக்கும் தேயிலைத் தொழிலாளிக்கும் வாடகை வீடு எட்டாமல் போவது இதன் பக்க விளைவு.

வண்டி வரம்பை எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைத்தார்கள். அவர்களைச் சுற்றுச்சூழலின் எதிரிகள் என்று தள்ளிவிடுவது எளிது, தவறு. வர்க்கி விற்பவர், தைல வியாபாரி, டாக்ஸி ஓட்டுநர் எல்லாருக்கும் இரண்டு மாத வருமானம்தான் ஆண்டுச் செலவு. அந்த இரண்டு மாதத்திலும் பெருந்தொகை வெளியூர் முதலாளியின் விடுதிக்கும் முன்பதிவுச் செயலிக்கும் போய்விட, மிச்சம்தான் அவர்களுக்கு வருகிறது. வரம்பு தேவை; கூடவே ஆண்டு முழுவதும் பரவிய, உள்ளூர்க் கைகளுக்கு வந்து சேரும் சுற்றுலாவும் தேவை. இரண்டாவதை யாரும் திட்டமிடவில்லை என்பதுதான் அவர்களுடைய கோபத்தில் இருக்கும் உண்மை.

பயணம் போகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. 2024-இல் கொடைக்கானல் குணா குகையைக் களமாகக் கொண்ட ஒரு மலையாளப் படம் வெற்றி பெற்றதும் அந்தக் குகையின் முன் கூட்டம் அலைமோதியது. எல்லாரும் ஒரே மாதத்தில், ஒரே சனிக்கிழமையில், ஒரே ஐந்து இடங்களுக்கு, ஆளுக்கொரு காரில் போகிறோம். விடியற்காலை ஏறி இரவே இறங்கும் பயணத்தில் ஊருக்குக் கிடைப்பது புகையும் குப்பையும் மட்டுமே. மேட்டுப்பாளையத்தில் காரை விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் ஏறலாம். ஓரிடத்தில் மூன்று நாள் தங்கி நடந்து பார்க்கலாம். மே மாதத்தை விட்டு இரண்டாவது சீசனான செப்டம்பர், அக்டோபரில், வானிலை எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டு போகலாம். அறை பதிவு செய்யும்போது வைஃபை உண்டா என்று கேட்கிற நாம், உரிமம் உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குள் கேட்காமல் நுழைந்து கேமராவை நீட்டுவதை நிறுத்த எந்த உத்தரவும் வேண்டியதில்லை.

நல்ல முன்மாதிரியும் நீலகிரியிலேயே இருக்கிறது. காட்டில் வீசப்படும் மதுப்புட்டிகள் உடைந்து யானையின் காலைக் கிழிப்பதைக் கண்ட உயர் நீதிமன்றம் சொன்னபடி, 2022-இல் டாஸ்மாக் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கும் திட்டம் இங்கேதான் தொடங்கியது. புட்டிகள் திரும்பி வந்தன. அறிவுரைப் பலகைகளால் ஆகாததைப் பத்து ரூபாய் செய்தது.

மலைகளின் தாங்குதிறனை அளந்து சொல்லும் பணி சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎம் ஆகியவற்றிடம் தரப்பட்டது. வண்டிகளுக்கு மட்டுமன்றி, விடுதிப் படுக்கைகளுக்கும் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து வரம்பு கட்ட அந்த அறிக்கை பயன்பட வேண்டும். அது தமிழில் அச்சாகி, நீலகிரி, கொடைக்கானல் கிராம சபைகளில் வாசிக்கப்பட்டு, அங்குள்ளவர்களின் ஒப்புதலோடு அரசாணையாக வரட்டும். அதுவரை புதிய விடுதி எதற்கும் அனுமதி தரக் கூடாது. அனுமதியின்றி இயங்குபவற்றுக்கு அடுத்த சீசன் தொடங்குமுன் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் துண்டிக்கப்பட வேண்டும்.