பங்களா மட்டும்தான் பாரம்பரியமா?

நுவரெலியா, ஹட்டன் பக்கம் வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பங்களாக்கள் இப்போது 'பாரம்பரிய' ஹோட்டல்கள். அதே காலத்து லயத்தில் நம்ம சனம் இன்னமும் குடியிருக்குது; அதுக்கு யாரும் அந்தப் பெயரை வைக்கல.

2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனது. மேடை, மாலை, பேச்சு எல்லாம் ஆச்சு. மாசியில் காமன் கூத்துக்கோ ஆள் தேடுறோம். ரதி, மன்மதன் வேஷம் கட்ட வேண்டிய பொடியன்கள் கொழும்புக் கடைகளில் நிற்கிறாங்க. சுற்றுலாக்காரரை வரவேற்கத் தப்பு வேணும். அதையே பள்ளிக்கூடத்தில் பழக்கலாம் என்றால் நம்மில் படித்தவர்களே முகம் சுளிக்கிறாங்க. சாதிதான், வேறென்ன?

கூத்து வாத்தியார்மார் இருக்கும்போதே பாட்டுகளைப் பதிய வேணும். கூடவே காணி உறுதியும் வேணும். கூத்தாடும் காமன் பொட்டலும் தோட்டக் காணியிலதானே இருக்கு.