குட்டிச்சாத்தானும் நாய் வாலும்

முந்தாநாள் ராத்திரி கரண்ட் போச்சு. ரங்கத்தில் இதெல்லாம் ஒரு செய்தியா? செய்தி என்னன்னா, நம்ம ஏழு வயசு வாரிசு பாத்ரூம் போக மாட்டேன்னு ஒரே அடம். "உள்ளே குட்டிச்சாத்தான் இருக்குப்பா."

சொன்னது திருநெல்வேலி ஆச்சி. 2020ல் கடலடி கேபிள் ரங்கத் வரைக்கும் வந்தாலும் வந்தது, வீடியோ காலில் ஆச்சி தினமும் ஆஜர். "சோறு திங்கலைன்னா குட்டிச்சாத்தான் வரும்ல"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டாங்க. பையனுக்கு மூணு நாளா தூக்கம் இல்லை.

இனி வீட்டில் பேய்க்கதையே கூடாதுங்கறது தங்கமணியின் தீர்ப்பு. இந்த இடத்தில் மட்டும் நான் எதிர்க்கட்சி. தப்பு கதையில் இல்லைங்க. பாதியில் நிறுத்தினதில்தான் இருக்கு.

பக்கத்து வீட்டு வங்காளிப் பையனுக்கு மேச்சோ பூத் தெரியும். மீன் வாங்கிட்டுப் போறவங்க பின்னாடியே அலையற மீன் பைத்தியம் அது. அதைச் சொல்லும்போது அவன் பயப்படறதில்லை, விழுந்து விழுந்து சிரிக்கிறான். நம்ம பையனுக்குக் குட்டிச்சாத்தான்னா இருட்டு, அவ்வளவுதான்.

இத்தாலியிலும் சில்லறைப் பிசாசுகள் உண்டு. 700 வருஷத்துக்கு முன்னால தாந்தே எழுதின நரகத்தில், கொதிக்கிற தாரில் கிடக்கும் லஞ்சப் பேர்வழிகளைக் காவல் காக்கிற கும்பல். அதில் ஒருத்தன் பேர் அலிக்கீனோ. ஒரு கைதி நைசா ஏமாத்தித் தாருக்குள் குதிச்சுத் தப்பிச்சுடறான். துரத்திப் போன அலிக்கீனோ, கல்கபிரீனாங்கற இன்னொரு பிசாசோடு கட்டிப் புரண்டு சண்டை போட, ரெண்டும் தாரிலேயே விழுந்து வேகுது! நாடகக் கோமாளி ஆர்லெக்கீனோவும் இந்தப் பேர் வழி வந்தவன்தான்னு சொல்றவங்க உண்டு. பிசாசு கோமாளி ஆயிடுச்சு பாருங்க.

நம்மகிட்டயும் இது இருக்கே. "வேலை கொடு, இல்லைன்னா உன்னையே தின்னுடுவேன்"னு மிரட்டின பூதத்துக்கிட்ட, நாய் வாலை நிமிர்த்தச் சொன்ன கதை. 1984ல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்', இந்தியாவின் முதல் 3டி படம். அதில் குட்டிச்சாத்தான் குழந்தைகளோட சிநேகிதன். அவனை அடிமையா வெச்சிருக்கிற மந்திரவாதிதான் வில்லன்.

நிஜத்திலும் வில்லன் அவன்தான். ஊர்ல எங்க சொந்தக்காரர் ஒருத்தர், வீட்டு மேல கல் விழுறது குட்டிச்சாத்தான் ஏவல்னு நம்பி, ஒரு மந்திரவாதிகிட்ட ரெண்டு பவுன் சங்கிலியை இழந்தார். படிச்சவர்தான். சின்ன வயசில் அவருக்குக் கிடைச்சதும் மிரட்டல் மட்டும்தான். பூதம் தோத்த கதையை யாரும் சொன்னதில்லை. அந்த மிச்ச பயத்தில்தான் மந்திரவாதி கடை போடறான்.

கதையே வேணாம்னு மூடி வெச்சா இருட்டு போயிடாது. வெளியூரில் வளரும் நம்ம பிள்ளைங்களுக்கு ஊரில் இருந்து வந்து சேர்றது கொஞ்சம்தான். அதில் பயம் மட்டும் வந்து, சிரிப்பு ஊரிலேயே தங்கிடக் கூடாது.

அதனால மறுநாள் ஆச்சியை வீடியோ காலில் பிடிச்சு, நாய் வால் கதையை முழுசா சொல்ல வெச்சேன். அன்னைக்கு ராத்திரியும் கரண்ட் போச்சு. பையன் கையில் டார்ச்சோட கிளம்பிட்டான்.

"எங்கடா?"

"பாத்ரூமுக்குத்தான்ப்பா. நாய் வால் வேலை குடுக்கப் போறேன்."

உங்க வீட்டு ஆச்சி, அப்பத்தா, அம்மாச்சி எல்லாருக்கும் இன்னைக்கே போன் போடுங்க. கதையோட மிச்சப் பாதியைக் கேட்டு வாங்கிடுங்க.